சொல்லக் கூசும் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் பேசத்தக்க பொருள்கள் இன்னின்னவை என்று நம் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தமிழின் தொன்மை, சிலம்பு காட்டும் அறம், பிறமாநிலத்தில் தமிழர் கடமை என்பன அவை. அவற்றுள் ஒன்றை எதிர்பார்த்தே இரு திங்களுக்கு முன் செயலாளர் நம் இல்லத்திற்கு வந்தார். சமூகப்பணி பயிலும் மாணவர்க்குப் பாலியல் நலக் கல்வி ஏன் வேண்டும் என்பது பற்றிப் பேச விரும்புகின்றோம் என்று சொன்னோம். அவர் சிறிது நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குடும்ப நலம் என்று அச்சிட்டுக்கொள்ளலாமா?" என்று மெல்லக் கேட்டார். அழைப்பிதழில் அவ்வாறே அச்சாகியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தயங்கிய அந்த இரண்டு நிமிடங்களே நம் இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளை நாமாகத் தேடிச் செல்லவும் இல்லை. நம் காலனி அன்பர் ஒருவர் ஒருநாள் மாலை வந்தார். அவர் மகள் இந்நகரில் சமூகப்பணியில் முதுகலை பயில்கின்றாள். மகளின் குறிப்பேட்டை ஏதோ ஒரு காரணத்தால் புரட்டியிருக்கின்றார். பால்வினை நோய்கள், கருத்தடை, பாலியல் நலம் குறித்த ஆலோசனை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கக் கண்டு திகைத்துவிட்டார். "ஏழைகளுக்கு உதவப் படிக்கிறாள் என்றுதானே சார் அனுப்பினோம். இதையெல்லாம் எதற்குச் சொல்லித் தருகிறார்கள்? படிப்பை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை, கலங்கிக் கேட்டார். அவர் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர் பிறந்த ஊர் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூர். நாமும் அப்பகுதியில் சில ஆண்டுகள் சமூகப்பணி மாணவர்களின் களப்பயிற்சியை மேற்பார்த்தவர். ஆகவே, அவருக்கு அவர் ஊரைக்கொண்டே விடை சொன்னோம். அன்று சொன்னதைச் சற்று விரித்து இங்கே சொல்கின்றோம்.

அந்த நிலப்பகுதியை அறியாத அன்பர்களும் இங்கே உள்ளனர். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வந்தால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை; அதற்கப்பால் இஞ்சிவிளை; அடுத்துக் களியக்காவிளையில் மாநிலம் மாறிவிடும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டோர் பலர். அது கேரளத்திலேயே நின்றது. நின்ற இடத்தில் தமிழரும் நின்றனர். பாலராமபுரத்துச் சாலியர் தெருவிற்குச் சென்றால், பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளர் வழியினரைக் காணலாம். பாறசாலை, கொல்லயில், செங்கல், காரோடு முதலிய ஊர்களில் அலுவலகத்தில் ஒரு மொழியும் அடுப்பங்கரையில் ஒரு மொழியுமாக வாழப் பழகிய குடும்பங்கள் உள்ளன. இரு மொழியும் அவர்கட்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆயினும், நோவும் நாணமும் வரும்போது அவர்கள் வாயில் வருவது அடுப்பங்கரை மொழியே.

இன்னொன்றையும் நினைவுபடுத்த விரும்புகின்றோம். மேலாடை அணியும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் கனல் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் பரவியிருந்தது. 1859இல் அரசின் அறிவிப்பு வந்த பிறகே அது ஓரளவு தணிந்தது. உடலைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது அம்மண்ணுக்குப் புதிதன்று. அன்று பேசியதும் மானத்தின் பொருட்டே.

இனி, நாம் சொல்ல வந்த நிகழ்ச்சி. இது நிகழ்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. சமூகப்பணி மாணவர் வாரத்தில் இரண்டு நாள் ஊர்களுக்குச் செல்வர். வீடுவீடாகச் சென்று குடும்பங்களோடு பழகுவர். கண்டதையும் செய்ததையும் களப்பணி ஏட்டில் எழுதிக்கொண்டு வருவர். மேற்பார்வையாளர் அதைப் படித்துத் திருத்திக் கையொப்பமிடுவார். நமக்குக் கீழிருந்த மாணவி ஒருத்தி நகரத்தில் வளர்ந்தவள், அறிவுடையவள், தேர்வில் எப்போதும் முன்னிற்பவள். அவளைப் பாறசாலைக்குக் கிழக்கே, எல்லைக்கல்லிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த ஓர் ஊருக்கு அனுப்பியிருந்தோம்.

அங்கே ஒரு வீட்டில் முப்பது வயதுக்குட்பட்ட பெண், தமிழ் பேசுபவள், ஒரே குழந்தை. கணவன் லாரி ஓட்டுபவன். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வந்து நாலு நாள் தங்கிப் போவான். மாணவி மூன்றாம் முறை சென்றபோது அந்தப் பெண் மாமியார் கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருந்து, திண்ணை ஓரத்தில் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கின்றாள். "மக்களே, ஒரு காரியம் கேட்கட்டா? அவரு வந்திட்டுப் போனதுக்குப் பிறகு வெட்டை மாதிரி இருக்குது. அடிவயிறும் வலிக்குது. ஆசானிட்டப் போனா ஊரு அறியும். என்ன செய்யட்டும்?"

வெட்டை என்ற சொல் மாணவிக்குப் புரியவில்லை. புரிந்த பகுதியோ அவள் முகத்தைத் தரையை நோக்கச் செய்துவிட்டது. "பார்க்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்றைய ஏட்டில், 'பயனாளி சில உடல்நலக் குறைகளைத் தெரிவித்தார். சத்துள்ள உணவு உண்ணுமாறு அறிவுரை கூறப்பட்டது' என்று எழுதினாள். அவ்வேடு நம்மிடம் வந்தது. சிவப்பு மையால் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினோம். 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.

ஏழு மாதங்கள் கழிந்தன. அடுத்த ஆண்டு மாணவர் அதே ஊருக்குச் சென்றபோது அப்பெண் மருத்துவமனையிலிருந்து மீண்டு படுக்கையில் இருந்தாள். கருப்பைக்குள் தங்க வேண்டிய கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, நள்ளிரவில் வாடகை வண்டியில் கொண்டுபோய் அறுவை செய்து பிழைக்க வைத்திருக்கின்றனர். கவனிக்காமல் விட்ட பால்வினைத் தொற்று மேலேறிக் கருக்குழாய்களைப் பழுதாக்கியிருக்கலாம் என்றும், இனிக் கருத்தரிப்பது எளிதன்று என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கேட்ட அன்றே பரிசோதனை செய்துகொண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்து உட்கொண்டிருந்தால் சில நாட்களில் தீர்ந்திருக்கக்கூடிய நோய் அது.

அம்மாணவி நம்மிடம் வந்து அழுதாள். அழ வேண்டியவள் அவளல்லள். அவளுக்குச் சமூகத்தின் அமைப்பைக் கற்பித்தோம், வறுமையின் காரணங்களைக் கற்பித்தோம், நேர்காணும் முறையை ஆங்கில நூல்களிலிருந்து கற்பித்தோம். ஒரு பெண் தன் உடலைப் பற்றி மூன்று வாக்கியம் சொன்னால் அவளை எதிரே பார்த்து நான்காம் வாக்கியத்தைக் கேட்கக் கற்பிக்கவில்லை. 'உடல்நலக் குறைகள்' என்று ஏட்டில் எழுதியிருந்ததே, எந்தக் குறை என்று நாமாவது கேட்டோமா? கேட்கவில்லை. கேட்க நமக்கும் கூச்சம். எழுத்துப்பிழை திருத்துவது எளிதாயிற்று.

அதன்பின் நாம் செய்த முதற் காரியம் மிகச் சிறியது. அடுத்த ஆண்டு மாணவரைக் களத்திற்கு அனுப்புமுன் ஒரு நீளத் தாளில் நான்கு பத்திகள் வரையச் சொன்னோம். முதற் பத்தியில் வகுப்பில் கற்ற ஆங்கிலச் சொல். இரண்டாவதில் மலையாளப் பாடநூற் சொல். மூன்றாவதில் வீட்டில் பெண்கள் தமக்குள் பேசும் சொல். நான்காவதில் தெருவில் வசையாக வழங்கும் சொல். உடலுறுப்பு, மாதவிடாய், புணர்ச்சி, கருச்சிதைவு, நோய் என்று ஒவ்வொன்றுக்கும் நிரப்ப வேண்டும். முதற் பத்தி பத்து நிமிடத்தில் நிறைந்தது. இரண்டாவதும் ஒருவாறு நிறைந்தது. நான்காவதை ஒருவரும் எழுதவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்பது அவர்கள் சிரிப்பிலேயே விளங்கிற்று. மூன்றாம் பத்திதான் வெறுமையாகக் கிடந்தது. அதாவது, அவர்கள் எந்த மக்களிடம் செல்கின்றனரோ அம்மக்களின் சொல் மட்டும் அவர்களிடம் இல்லை.

அந்தப் பத்தியை நிரப்பிக்கொடுத்தவர் பாறசாலைப் பக்கத்து மூதாட்டி ஒருவர். பழைய மருத்துவச்சி, மலையாளத்தார் வயற்றாட்டி என்பர். மாணவியர் நால்வரை அவரிடம் அனுப்பினோம். வெற்றிலை இடித்துக்கொண்டே அவர் சொன்ன சொற்கள் ஒரு சிறு அகராதி. தூரம், வீட்டு விலக்கு, குளி தப்புதல், முழுகாமலிருத்தல், அடி தள்ளுதல், வெள்ளைபோக்கு, வெட்டை, மேகம், பரங்கிப்புண்! ஒவ்வொன்றும் ஒரு கதவு. பரங்கிப்புண் என்பது பரங்கியர் கொணர்ந்த நோய் என்ற எண்ணத்தால் எழுந்த பெயர். அதே நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றும், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றும் சொல்லினராம். இந்நோயை எவரும் தம்முடையது என்று ஒப்புக்கொண்டதில்லை.

சொல்லை அறிந்தால் மட்டும் போதாது என்பதையும் மூதாட்டியிடமே கற்றோம். மேகம் என்று ஒருத்தி சொன்னால் அது பால்வினை நோயாகவும் இருக்கலாம், நீரிழிவாகவும் இருக்கலாம், உடற்சூடு என்ற பொதுக்குறையாகவும் இருக்கலாம். வெள்ளைபோக்கு எனின் இயல்பான கசிவும் உண்டு. கெட்ட நாற்றமோ அரிப்போ குருதிக் கலப்போ இருப்பின் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலையும் உண்டு. மாதவிடாய் நின்ற பின் குருதி கண்டால் புற்றுநோயா என்று பார்த்தே தீர வேண்டும். மாணவி மருத்துவர் அல்லள். நோய் இன்னதென்று அவள் சொல்லவே கூடாது. ஆயினும், எந்தக் கேள்வியை அடுத்துக் கேட்பது, எவரிடம் அனுப்புவது, கூடவே செல்வதா என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும்.

பிறகு அத்தாளை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்தோம். முதல் நாள் ஒரே கூச்சல். இரண்டாம் நாள் இருவர் வரவில்லை. நான்காம் நாள் ஒரு மாணவி தலைநிமிர்ந்து, காய்கறி விலை சொல்வதுபோல் அச்சொற்களைச் சொல்லி முடித்தாள். அன்றுதான் அவளைக் களத்திற்கு அனுப்பினோம்.

தமிழர்க்கு இத்துறை அயலானதன்று என்பதைச் சங்க மேடையில் நின்று சொல்லவேண்டியதில்லை. வள்ளுவர் இருபத்தைந்து அதிகாரங்களை, 250 குறட்பாக்களைக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கினார். 2016இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பள்ளிகளில் திருக்குறளைக் கற்பிக்கப் பணித்தபோது, பணித்தது முதலிரு பால்களின் குறட்பாக்களையே. குழந்தைகளுக்கு அதுவே தக்கது எனலாம்; மறுக்கவில்லை. ஆனால் எஞ்சிய 250ஐ எந்த வயதில், எவர் கற்பிப்பர் என்று எவரும் கேட்கவில்லை. நம் வழக்கமே அது: ஒத்திவைத்துவிட்டு மறந்துவிடுவோம்.

பெண்களைப் பற்றியே பேசுகின்றோம் என்று இளைஞர்கள் எண்ணவேண்டா. மாணவருள் ஆண்கள் நேர்ந்த சங்கடம் வேறு வகையானது. களியக்காவிளைச் சுவர்களிலும் நாளிதழ்களின் மூலைகளிலும் 'இன்ன தேதியில் இன்ன விடுதியில்' வந்து தங்கி ஆண்மைக்குறை தீர்க்கும் வைத்தியர் விளம்பரங்களைக் கண்டிருப்பீர்கள். இந்த மும்பை நகரத்து ரயில் நிலையங்களுக்கு அருகிலும் அவை உண்டு. உறக்கத்தில் விந்து வெளிப்படுவது வளரும் ஆண்மகனுக்கு இயல்பு, அது நோயன்று, அதனால் எலும்பு உருகாது, அறிவு மழுங்காது. இந்த ஒரு செய்தியைச் சொல்ல ஆளில்லாமையால் ஊரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் மாதச் சம்பளத்தைத் தாதுபுஷ்டி லேகியத்திற்குக் கொடுக்கின்றனர். சிலர் திருமணத்தையே அஞ்சுகின்றனர். நம் மாணவர் ஒருவர் செங்கல் சூளையில் வேலை செய்த இளைஞர் குழுவோடு பந்தாடிக்கொண்டே இதைச் சொல்லிவந்தார். மூன்று வாரம் சென்றபின் அவ்விளைஞருள் ஒருவன் தனியே வந்து கேட்ட முதற் கேள்வி, 'இது உண்மைதானா? எங்கே எழுதியிருக்கிறது?' என்பது. எழுதியிருக்கும் நூல் தமிழில் எளிதாகக் கிடைப்பதில்லை என்று அம்மாணவர் நம்மிடம் வருந்தினார்.

இதெல்லாம் இக்காலத்து மேலைநாட்டு மோகம் என்று சொல்வோருக்கு வரலாறு கொஞ்சம் சொல்கின்றோம். 1930களில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு இந்தியாவில் கிராம நலவாழ்வு நிலையங்கள் மாதிரிக்காகச் சில இடங்களில் நிறுவப்பட்டன. திருவிதாங்கூரில் அதற்குத் தேர்ந்த இடம் நெய்யாற்றின்கரையே. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீட்டை நோக்கிச் செல்லும் முறை அந்த மண்ணில் அவ்வளவு பழையது. நம் நகரத்தைப் பார்ப்போம். 1936இல் கிளிபர்டு மன்ஷார்ட் தலைமையில் சமூகப்பணிக்கென இந்தியாவில் முதற் கல்விக்கூடமாக டாட்டா பள்ளி தோன்றிய இடம் நாக்பாடா. காமாத்திபுரத்திற்குப் பக்கத்துத் தெரு. 1946இல் நாட்டின் முதல் மருத்துவச் சமூகப்பணியாளர் அமர்த்தப்பட்டது அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஜே.ஜே. மருத்துவமனையில். அதற்கும் முன்னே, 1921இல் ரகுநாத் கார்வே இந்நகரில் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். அவர் நடத்திய 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி இதழ்மேல் ஆபாச வழக்கு வந்தபோது, 1934இல் அவருக்காக வழக்காடியவர் டாக்டர் அம்பேத்கர். உலக நலவாழ்வு நிறுவனமோ, நலத்துறைப் பணியாளருக்கு மனிதப் பாலியல் குறித்துப் பயிற்சி வேண்டும் என்று 1975இலேயே தனி அறிக்கை வெளியிட்டது. பாலியல் நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடலும் உள்ளமும் சமூக உறவும் இயைந்த நிலை என்பது அதன் கருத்து.

தமிழகத்திலிருந்து ஒரே ஒரு சான்று. 1985இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை எய்ட்சு நோய்க்கிருமி பற்றி ஆராயச் சொன்னார். நிர்மலா பழைமையில் ஊறிய குடும்பத்தவர். பாலியல் தொழிலாளரிடம் குருதி மாதிரி வாங்குவதை எண்ணியே தயங்கினார். கணவர் ஊக்கினார், தம் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார். காப்பில்லத்திலிருந்த பெண்களோடு பழகிப் பேசி மாதிரிகளைத் திரட்டி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் அந்நோய் உள்ளது என்று நாடு அறிந்தது அன்றுதான். ஒரு மாணவி தன் கூச்சத்தைக் கடந்ததால் அறிந்தது.

மீண்டும் எல்லைக்கு வருவோம். கூச்சம் தீர்ந்த மாணவிக்கும் வேறொரு தடை அங்கே உண்டு. குருதிப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நிலையத்துக்குத் தமிழகத்தில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர், கேரளத்தில் 'ஜோதிஸ்'. இரண்டும் ஒன்றே. ஆனால் பாறசாலையில் வாழும் தமிழ்ப்பெண்ணுக்குக் குழித்துறையிலிருக்கும் அண்ணி 'நம்பிக்கை மையத்துக்குப் போ' என்று சொன்னால், அவள் பாறசாலை மருத்துவமனையில் அப்பெயரைத் தேடிக் காணாமல் திரும்பிவிடுவாள். திரும்பியும் வந்திருக்கின்றனர். சிலர் ஊரார் கண்ணில் படாதிருக்க வேண்டுமென்றே எல்லையைக் கடந்து மறுபுறம் சென்று மருந்து வாங்குவர். அமரவிளையில் வணிகவரிச் சாவடி இருந்த காலத்தில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். ஓட்டுநரைச் சந்திக்க அதுவே வாய்ப்பான இடமாக இருந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் சாவடிகள் போயின, வண்டிகள் நிற்பதில்லை, ஓட்டுநரைச் சந்திக்க வேறு இடமும் வேறு நேரமும் தேட வேண்டும். இவற்றை எந்தப் பாடநூலும் சொல்லாது. அங்கே நடந்து அறிய வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இதில் மாணவர் தவறுவது எங்கே என்று ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றோம். ஒரு சிறுமி, "அக்கா, நீங்கள் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றால் ஒன்று சொல்கிறேன்" என்பாள். அன்புள்ள மாணவி உடனே "சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுவாள். 2012இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவியாமை குற்றம். கொடுத்த வாக்கை மீறினால் சிறுமியின் நம்பிக்கை போகும். காத்தால் கொடுமை தொடரும். ஆகவே, வாக்குக் கொடுக்கும் முன்பே, "உன்னைப் பாதுகாக்க வேண்டுமானால் சிலரிடம் சொல்லவேண்டி வரலாம், உன்னைக் கேட்காமல், உன்னைத் தனியே விட்டு எதையும் செய்யமாட்டேன்" என்று சொல்லப் பழக வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைப் பழக நம் மாணவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதிர்ந்தவர்க்கு நேர்மாறு. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், இசைவின்றிப் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது என்கின்றது. இன்று அந்நோய்க்கு மருந்து உண்டு. நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவினால் பிறர்க்குத் தொற்றுவதில்லை. திருமணமான பெண் சட்டப்படி கருக்கலைப்பு வேண்டினால், 1971ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது பதினெட்டு வயது நிரம்பிய அவளுடைய இசைவை மட்டுமே. கணவன் கையொப்பத்தை அன்று. கையொப்பத்திற்காக வாசலில் திருப்பியனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! உடன் நின்ற மாணவிக்குச் சட்டம் தெரிந்திருந்தால் அவளும் சேர்ந்து திரும்பியிருக்கமாட்டாள்.

"எல்லாம் சரி, அறிந்தால் பிள்ளைகள் கெடுவார்களே" என்பது நம் அன்பரின் இறுதி ஐயம். அது அவருக்கு மட்டும் உரியதன்று. நடுவண் அரசு கொண்டுவந்த வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தை 2007இல் பல மாநிலங்கள் இதே அச்சத்தால் நிறுத்திவைத்தன. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வி பெற்ற இளையோர் அதனால் முந்திச் செயலில் இறங்குவதில்லை என்றே கூறுகின்றது. 2022இல் கேரள உயர்நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைத் தடுப்புக் கல்வியைப் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பணித்தது. பள்ளிகளுக்கு ஆலோசகராகச் செல்வோருள் பலர் சமூகப்பணி பயின்றோரே. அவர்களே கூசினால் பாடம் அச்சில் மட்டுமே இருக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கின்றோம். எல்லா ஆசிரியரும் இதைத் தக்கவாறு கற்பிக்கின்றனர் என்று சொல்லமாட்டோம். படம் போட்டுக் காட்டி, இலத்தீன் பெயர்களை எழுதவைத்து, கேள்விக்கு இடங்கொடாமல் மணியடித்ததும் எழுந்து போவோர் உண்டு. அறவுரை மட்டும் சொல்லி அனுப்புவோரும் உண்டு. அப்படிப் பயின்ற மாணவர், திருநங்கை ஒருவர் உதவி நாடி வந்தால் எங்கே உட்காரச் சொல்வது என்றே அறியாமல் நிற்பதைக் கண்டிருக்கின்றோம். 2014இல் உச்சநீதிமன்றம் அவர்தம் உரிமையை உறுதிசெய்து, 2015இல் கேரள அரசு அவர்க்கெனத் தனிக்கொள்கை வகுத்த பின்னரும் நிலை அதுவே. தந்தை கவலைப்படுவதாயின் இதைப் பற்றிக் கவலைப்படலாம்: மகளுக்குக் கற்பிக்கின்றனரா என்பதை விட, எப்படிக் கற்பிக்கின்றனர் என்பதைப் பற்றி.

நம் அன்பர் அன்று இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு விடைபெறாமல் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிவிட்டது. பிறகு, "அந்தப் பொண்ணு, லாரிக்காரன் பெண்டாட்டி, இப்போ எப்படி இருக்கா சார்?" என்று கேட்டார். நலமாக இருக்கின்றாள். அந்த ஒரு குழந்தையை வளர்த்துப் படிக்க வைத்தாள். அயல்வீட்டுப் பெண்களுக்கு ஏதேனும் என்றால் பாறசாலை மருத்துவமனைக்கு அவளே கூட்டிச் செல்வதாகக் கேள்விப்பட்டோம். அதைச் சொன்னோம்.

சென்ற வாரம் அவர் மறுபடியும் வந்தார். மகளுக்கு ஒரு மாதக் களப்பயிற்சி நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே அமைந்திருக்கின்றதாம். சொந்த ஊர்ப்பக்கம், ஆயினும் இந்நகரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு வழி தெரியாது. திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் செல்லும் வண்டி ஏறினால் நெய்யாற்றின்கரையில் இறங்குவதா, பாறசாலையில் இறங்குவதா என்று கேட்டார். பாறசாலைதான் அருகில் என்றோம். வாசல்வரை சென்றவர் திரும்பி, அந்த நான்கு பத்தித் தாளின் படி ஒன்று கிடைக்குமா, மகள் கேட்டாள் என்றார். மூன்றாம் பத்தியில் மூதாட்டி சொன்ன சொற்களைப் பிழையின்றி நம் கையாலேயே எழுதிக் கொடுத்தனுப்பினோம்.